எட்டாம் வீட்டுச் சாவி

பிப்ரவரி 6

என் ஊசிக்கு,

உன் மெக்கானிக் எழுதுவது. நான் சுகம். தைத்துத் தைத்து வந்த உன் முழங்கை வலி குறைந்ததா, பாப்பாவுக்கு முன்பல் முளைத்துவிட்டதா என்று முதலில் எழுது.

கம்பெனி ஒருவழியாக எனக்கு வீடு ஒதுக்கிவிட்டது. ஊருக்கு வெளியே மதில் கட்டிய குடியிருப்பு. முப்பது வீடுகள், எல்லாவற்றிலும் என்னைப் போல வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். நமக்கு எட்டாம் எண். ஒரு ஹால், ஒரு படுக்கையறை, பின்னால் துணி காயப்போட ஒரு கொடி. குடும்பத்தை அழைத்துக்கொள்ள இரண்டு வருஷம் ஆகும். ஆனாலும் உன் தையல் மெஷினை எந்த ஜன்னலோரம் போடுவது என்று இப்போதே பார்த்து வைத்துவிட்டேன்.

ஒரே தொல்லை, திருட்டு. நான் வருவதற்கு முன் மூன்று வீடுகளில் நடந்திருக்கிறது. பூட்டு உடையவில்லை, ஜன்னல் பெயரவில்லை. சாவி போட்டுத் திறந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். அதனால் கமிட்டி இப்போது கதவோரம் ஓர் அலாரப் பெட்டி மாட்டியிருக்கிறது. கதவைத் திறந்ததும் முப்பது எண்ணுவதற்குள் நான்கு எண்களை அழுத்த வேண்டும். தவறினால் சங்கு ஊதும், காவல் அறையில் மணி அடிக்கும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஜோடி வீடு உண்டு. நாம் இல்லாதபோது ஏதாவது என்றால் வந்து பார்க்க, அவர்களிடம் மாற்றுச் சாவியும் எண்ணும் கொடுத்து வைக்க வேண்டும். எண்ணை மாற்றினால் அன்றே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். எனக்கு ஜோடி எதிரே உள்ள ஒன்பதாம் வீடு. அங்கே ஒரு நர்ஸ் இருக்கிறார், நம் பாஷைக்காரர். அவர் சாவி என்னிடம், என் சாவி அவரிடம்.

எண் என்ன வைத்தேன் தெரியுமா? நம் கல்யாண நாள். 0703. தினமும் உன்னை நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைகிறேன்.

உன்,
மெக்கானிக்

பிப்ரவரி 20

என்னங்க,

உங்கள் கடிதம் கிடைத்தது. முழங்கை பரவாயில்லை. பாப்பாவுக்குப் பல் எட்டிப் பார்க்கிறது. நீங்கள் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறீர்களா?

வீட்டைப் பற்றி ஒரு பக்கம் எழுதினீர்கள். துணிக் கொடியைக்கூட விடவில்லை. நர்ஸ் என்று மட்டும் எழுதிவிட்டு வயதை எழுதவில்லை. வீட்டுக்காரர் இருக்கிறாரா என்றும் எழுதவில்லை. நான் கேட்கக் கூடாதுதான், ஆனால் கேட்காமல் இருந்தால் அது நானில்லை.

இங்கே என் பீரோ சாவியை உங்கள் அம்மா கையில்கூட நான் கொடுத்ததில்லை. பத்து வருஷமாக அவருக்கு அந்தக் குறை இருக்கிறது. அங்கே நான் இன்னும் கண்ணால் பார்க்காத என் வீட்டின் சாவி முன்பின் தெரியாத ஒருத்தியிடம் இருக்கிறது. அதோடு என் கல்யாணத் தேதியும். முப்பது வீட்டில் ஆண்பிள்ளை இருக்கிற வீடு ஒன்றுகூடவா ஜோடிக்குக் கிடைக்கவில்லை?

போனில் கேட்கலாம் என்றால், போன் இருப்பது கீழ் வீட்டில், நான் பேசும்போது அந்த வீட்டுக்காரம்மா ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார். எழுதியே பதில் சொல்லுங்கள்.

உங்கள்,
ஊசி

மார்ச் 12

என் ஊசிக்கு,

சுகமாக இருக்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன். நீ குத்தியதும் வந்து சேர்ந்தது.

நர்ஸுக்கு உன்னைவிட ஐந்து வயது கூட இருக்கும். வீட்டுக்காரருக்கு வேறொரு நாட்டில் வேலை. ஜோடியை நானா தேர்ந்தெடுத்தேன்? எதிர்வீட்டுக்கு எதிர்வீடு, அவ்வளவுதான் கணக்கு. நீ கவலைப்படுகிற மாதிரி ஆளே இல்லை. ரொம்பப் பொறுப்பானவர். போன வாரம் நான் ஒரு மருந்துக் கிடங்கில் குளிர் மெஷினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன், இங்கே மழை கொட்டியிருக்கிறது. திரும்பி வந்து பார்த்தால் கொடியில் இருந்த துணி முழுக்க உள்ளே எடுத்து, மடித்து, கட்டில்மேல் அடுக்கியிருந்தது. காலுறையைக்கூட ஜோடி சேர்த்து வைத்திருந்தார்.

ஏழாம் தேதி வேலை முடிந்து வந்தபோது கதவில் ஒரு சீட்டு சொருகியிருந்தது. "திருமண நாள் வாழ்த்துகள். வீட்டுக்கு எழுதிவிட்டீர்களா?" அதைப் பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. எண்ணைப் பார்த்து அவர் ஊகித்திருக்கிறார், பார். தாமதமானாலும் என் வாழ்த்தை ஏற்றுக்கொள்.

உன்,
மெக்கானிக்

மார்ச் 26

என்னங்க,

பாப்பா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பது போகப்போகத் தெரியும்.

தினமும் என்னை நினைத்துக்கொண்டு கதவைத் திறக்கிறேன் என்று எழுதினீர்கள். ஏழாம் தேதியும் அதே எண்ணைத்தானே அழுத்தினீர்கள்? அன்று யாரை நினைத்தீர்கள்? நான் காலையிலிருந்து தபால்காரர் வருகிற தெருமுனையைப் பார்த்தபடி தைத்து, ஒரு ரவிக்கைக்குக் கையை இடம் மாற்றி வைத்துப் பிரித்தேன். அங்கே என் கல்யாண நாளை ஞாபகம் வைத்துக்கொண்டு என் புருஷனுக்கு வாழ்த்துச் சொல்கிறாள் இன்னொருத்தி.

துணி மடித்தாராம். உங்கள் சட்டைக் காலரை உள்பக்கம் திருப்பி மடிப்பது நான் மட்டும் செய்கிற வேலை. அவர் எப்படி மடித்தார் என்றுகூட யோசித்துப் பார்த்துவிட்டேன். பொறாமைதான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

எண்ணை மாற்றுங்கள். அவரிடம் சொல்ல வேண்டாம். சாவி பேருக்கு அவர் கையில் இருந்துவிட்டுப் போகட்டும், உள்ளே வர முடியாமல் இருந்தால் போதும். நீங்கள் வாங்கிக் கொடுத்த தையல் மெஷினின் தகட்டில் உள்ள கடைசி நான்கு எண்ணை வையுங்கள். அது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும். "மாற்றிவிட்டேன்" என்று ஒரு வரி வரும்வரை நான் கடிதம் எழுத மாட்டேன்.

ஊசி

ஏப்ரல் 12

என் ஊசிக்கு,

மாற்றிவிட்டேன்.

உடம்பு நன்றாக இருக்கிறது. ஜோடி வீட்டுக்குச் சொல்ல வேண்டும் என்பது விதி. சொல்லவில்லை. வாசலில் தினமும் பார்க்கிறேன், "சிஸ்டர், நம்பரை..." என்று நாக்கு நுனிவரை வருகிறது, முழுங்கிவிடுகிறேன். ஏன் மாற்றினீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வேன்? இப்போது சந்தோஷமா?

மெக்கானிக்

ஜூன் 18

அன்புள்ள உனக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலமா? இங்கே வெயில் அதிகம். குளிர் மெஷின்கள் ஒன்று மாற்றி ஒன்று படுத்துக்கொள்கின்றன, வேலை கழுத்தை நெரிக்கிறது. குளியலறைக் குழாயை மாற்றினேன். வேறு விசேஷம் இல்லை. அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

மெக்கானிக்

ஜூலை 2

என்னங்க,

எல்லாரும் சௌக்கியம். நீங்கள்தான் சௌக்கியமாக இல்லை என்று தெரிகிறது.

"மாற்றிவிட்டேன்" கடிதம் வந்த அன்று குஷியில் மூன்று ரவிக்கை அதிகம் தைத்தேன். அன்றிரவே உங்களுக்கு நாலு பக்கம் எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. ஒன்பது வாரம் கழித்து எட்டு வரி. என்னை ஊசி என்றுகூடக் கூப்பிடவில்லை. வெயிலையும் குழாயையும் பற்றி எழுதத் தபால்தலை எதற்கு?

முன்பெல்லாம் நாலு வரிக்கு ஒரு தரம் ஒன்பதாம் வீட்டம்மா வந்து போவார். இந்தக் கடிதத்தில் ஆளையே காணோம். வந்தபோது எரிச்சலாக இருந்தது. வராதபோது பயமாக இருக்கிறது. என்ன நடந்தது? அவரிடம் புது எண்ணைச் சொல்லிவிட்டீர்களா? அதற்கு மேலும் ஏதாவதா? எதுவாக இருந்தாலும் என்னை மடச்சியாக மட்டும் வைத்திருக்காதீர்கள். பாப்பாவை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு, அழாமல் எழுத முயற்சி செய்கிறேன்.

ஊசி

ஜூலை 4

எட்டாம் வீட்டு அம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் குழந்தையும் நலமா என்று கேட்பது முறை, கேட்கிறேன். நான் நலமாக இல்லை. நான் ஒன்பதாம் வீட்டு நர்ஸ். உங்கள் விலாசத்தை உங்கள் கணவரிடம் கேட்டு வாங்கினேன்.

மே 22, மதியம் 2.10. டியூட்டி முடிந்து வந்தேன். எட்டாம் வீட்டுக் கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் தெருவுக்கு ஓடிக்கொண்டிருந்தது. காலையில் தண்ணீர் நின்றிருந்தது, அவர் குழாயைத் திறந்துபார்த்து, மூடாமல் பக்கத்து ஊருக்கு வேலைக்குப் போயிருக்கிறார். என்னிடம் இருந்த சாவியால் திறந்தேன். 0703 அழுத்தினேன். சிவப்பு விளக்கு. மறுபடி அழுத்தினேன். சங்கு ஊதியது. கணுக்கால் அளவு தண்ணீர். முதலில் குழாயை மூடினேன். கட்டிலுக்கு அடியில் ஒரு தகரப் பெட்டி நனைந்துகொண்டிருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் இரண்டு காவலர்கள் என் கையைப் பிடித்தார்கள். பாதிக் குடியிருப்பு கூடி நின்றது. "பெட்டியில என்ன?" என்றார்கள். தெரியாது என்றேன். அது உண்மை. திருட்டுப் போன மூன்று வீடுகளில் ஒன்றின் சாவி, ஜோடி வீடு ஏற்பாடு வருவதற்கு முன், என்னிடம் இருந்தது. அதுவும் அவர்களுக்கு அப்போது ஞாபகம் வந்தது. காவல் அறையில் மேஜைமேல் வைத்துப் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே உங்கள் கடிதங்கள் இருந்தன. ஒன்றும் நனையவில்லை. நான் எதையும் படிக்கவில்லை.

மாலை 6.30க்கு உங்கள் கணவர் வந்தார். கமிட்டித் தலைவர் கப்பலில் இருந்தவர், கேப்டன் என்போம். "நம்பரை மாத்தினதை ஏன் சொல்லல?" என்று கேட்டார். இவர், "மறந்துட்டேன்" என்றார். "சரி, ஏன் மாத்தினீங்க?" இவர் தலையைக் குனிந்துகொண்டார். அவ்வளவு போதுமாக இருந்தது. என்மேல் சந்தேகப்பட்டுத்தான் மாற்றியிருக்கிறார் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் முதல் குழந்தைகளை என் வாசல் பக்கம் விளையாட விடுவதில்லை.

ஒரு வாரம் கழித்து அவர் என் கதவைத் தட்டினார். "என் வீட்டுக்காரிக்குப் பிடிக்கல, சிஸ்டர். அதான் மாத்தினேன்" என்றார். இதைக் கமிட்டியில் சொல்லுங்கள் என்றேன். உங்கள் மானம் போய்விடும் என்கிறார். என் மானம் மே 22, 2.25க்குப் போய்விட்டது.

என் வேலை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கமிட்டியின் நன்னடத்தைக் கடிதம் ஜூலை 31க்குள் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கமிட்டி தர மறுக்கிறது. இல்லையென்றால் நான் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். திருடி என்ற பெயரோடு.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்யாண நாளை என் வீட்டுக்காரர் நான்கு வருஷமாக மறக்கிறார். உங்களுக்கும் அப்படி ஆகக் கூடாது என்றுதான் அந்தச் சீட்டை வைத்தேன்.

ஒன்பதாம் வீட்டு நர்ஸ்

ஜூலை 15

என்னங்க,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை. விரைவுத் தபாலில் அனுப்புகிறேன்.

ஒன்பதாம் வீட்டம்மாவின் கடிதம் நேற்று வந்தது. வெளிநாட்டுத் தபால்தலையையும் பெண்பிள்ளைக் கையெழுத்தையும் பார்த்ததும், என் வாழ்க்கை முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் பிரித்தேன். படித்து முடித்து, உங்களுக்கும் அவருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. அவரைக் காவல் அறையில் உட்கார வைத்ததைப் படித்த பிறகும் நிம்மதி. அப்படிப்பட்டவள் நான். அதற்கப்புறம்தான் கேப்டனுக்கு எழுத உட்கார்ந்தேன்.

என் மானத்தைக் காப்பாற்ற உங்களை யார் கேட்டது? என்னிடம் மறைத்தீர்கள், அவர்களிடம் மறைத்தீர்கள், நடுவில் ஒருத்தி திருடியானாள்.

இத்துடன் கேப்டனுக்கு ஒரு கடிதம் இருக்கிறது. கையில் கொடுத்துவிட்டு நழுவக் கூடாது. கமிட்டிக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் நின்று படியுங்கள், அவர்களுக்குப் புரிகிற பாஷையில் சொல்லுங்கள். பூசி மெழுகாதீர்கள். ஒன்பதாம் வீட்டம்மா பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் ஒரு சொல்லை முழுங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஊசி

ஜூலை 15

குடியிருப்புக் கமிட்டித் தலைவர் ஐயாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் குடியிருப்பில் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும். உங்களுக்கு என்னைத் தெரியாது. எட்டாம் வீட்டு மெக்கானிக்கின் மனைவி நான். ரவிக்கை தைக்கிறேன்.

அலாரத்தின் எண்ணை மாற்றச் சொன்னது நான். ஒன்பதாம் வீட்டு அம்மாவிடம் சொல்லாதீர்கள் என்று எழுதியதும் நான். உங்கள் விதி எனக்குத் தெரியும், தெரிந்தேதான் சொன்னேன். காரணம் திருட்டுப் பயம் அல்ல. பொறாமை. என் புருஷனின் வீட்டுச் சாவி இன்னொரு பெண்ணிடம் இருப்பதை என்னால் பொறுக்க முடியவில்லை. அவர் இவருடைய துணியை மழையில் நனையாமல் எடுத்து மடித்து வைத்தார். என் கல்யாண நாளை இவருக்கு ஞாபகப்படுத்தினார். இந்த இரண்டு குற்றங்களைத்தான் நான் அவரிடம் கண்டேன். அந்த அம்மா எதையோ எடுத்துக்கொண்டு போய்விடுவார் என்று நான் பயந்தது உண்மை. அது உங்கள் அலமாரிகளில் இருக்கிற பொருள் அல்ல.

என் புருஷன் அவரை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. எனக்குப் பயந்துதான் சொல்லாமல் இருந்தார். மார்ச் 26 அன்று நான் எழுதிய கடிதம் அந்தத் தகரப் பெட்டியில் இருக்கும். அதையும் படிக்கச் சொல்லுங்கள். அந்த அம்மாவுக்கு நீங்கள் எல்லாரும் ஒரு மன்னிப்புக் கடன்பட்டிருக்கிறீர்கள். முதல் ஆள் நான்.

எட்டாம் வீட்டுக்காரி

ஆகஸ்ட் 6

என் ஊசிக்கு,

சுகம். உண்மையாகவே சுகம். உனக்கும் பாப்பாவுக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

ஜூலை 26 கூட்டம். சமூகக்கூடத்தில் நாற்காலி போதாமல் சிலர் நின்றார்கள். படித்தேன். துணி மடித்ததைச் சொன்னபோது ஒரு பெண் சிரித்தார், பின்னாலேயே கூடமே சிரித்தது. எனக்குக் காது கொதித்தது. பொறாமை என்ற இடம் வந்தபோது, மனவருத்தம் என்பது போல அவர்கள் பாஷையில் ஒரு சொல்லைப் போட்டேன். பக்கத்திலிருந்த நர்ஸ், "அவங்க எழுதினது அது இல்லையே" என்றார். பிறகு சரியான சொல்லை அவரே எழுந்து சொன்னார். அதற்கப்புறம் யாரும் சிரிக்கவில்லை. மார்ச் 26 கடிதத்தையும் படித்தேன். கேப்டன் பதிவேட்டைத் திறந்து மே 22 அன்று எழுதியிருந்ததை அடித்து, என்னையும் கையெழுத்துப் போட வைத்தார். நன்னடத்தைக் கடிதத்தை அங்கேயே எழுதி நர்ஸ் கையில் கொடுத்தார். மற்ற எல்லா வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக அவரிடம் போய் மன்னிப்புக் கேட்டார்கள். அவர் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்றாம் நாள் திருடன் பிடிபட்டான். குடித்தனம் மாறும்போதெல்லாம் பூட்டு மாட்ட வருகிற ஆள். எல்லா வீட்டுக்கும் ஒரு சாவி கூடுதலாக வெட்டி வைத்திருக்கிறான். மூன்று நாள் பொறுத்திருந்தால் உன் கடிதம் தேவைப்பட்டிருக்காது. பொறுக்காததே நல்லது.

நர்ஸுக்கு வேலை நீடித்துவிட்டது. ஆனால் அவர் இனி யாருக்கும் ஜோடி வீடாக இருக்க மாட்டாராம். கேப்டனிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். என்னிடம் ஓர் உறையைத் தந்து, "இது உங்களுக்கு இல்ல, உங்க வீட்டம்மாவுக்கு" என்றார். பிரிக்காமல் இத்துடன் வைத்திருக்கிறேன். வேறு ஜோடியும் எனக்குக் கிடைக்கவில்லை. "உங்க சாவிய வாங்கினா உங்க மனைவி எங்களுக்கும் லெட்டர் போடுவாங்க" என்கிறார்கள்.

உன்,
மெக்கானிக்

ஆகஸ்ட் 28

ஒன்பதாம் வீட்டு அக்காவுக்கு,

வணக்கம். உங்கள் உடம்பும் மனசும் தேறியிருக்க வேண்டும் என்று நிஜமாகவே விரும்புகிறேன். அக்கா என்று கூப்பிட எனக்கு உரிமை இல்லை. ஐந்து வயது மூத்தவர் என்று அவர் எழுதியதை வைத்துக் கூப்பிடுகிறேன்.

உங்கள் உறையில் ஒரு சொல்கூட இல்லை, சாவி மட்டும் இருந்தது. நான் சண்டை போட்ட சாவி என் கைக்கே வந்துவிட்டது. என் பீரோ சாவிக்கொத்தில் கோத்தேன். பத்து நாளாக இடுப்பில் இருந்தது. இதை வைத்துக்கொண்டு இங்கே எந்தக் கதவைத் திறப்பேன்? போன வாரம் அவருக்குக் காய்ச்சல் என்று கீழ் வீட்டுக்குப் போன் வந்தது. உள்ளே தாழ் போட்டுக்கொள்ளாதீர்கள் என்றேன். தாழ் போடாவிட்டாலும் வந்து திறக்க யார் இருக்கிறார்கள் என்று அப்புறம்தான் தோன்றியது. சாவியைப் பிடித்தபடி விடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்ததற்கு மன்னிப்பு கேட்கிறேன். நீங்கள் மன்னித்தே ஆக வேண்டும் என்று கேட்கவில்லை, கேட்க வேண்டியது என் பாக்கி. ஜோடி வீடாக இருக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டீர்களாம். கமிட்டிக்காக வேண்டாம், எனக்காக, இத்துடன் அனுப்பியிருக்கிற சாவியைத் திரும்ப வைத்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள், நான் கேள்வி கேட்க மாட்டேன். எண்ணை மறுபடி 0703 ஆக்கச் சொல்லிவிட்டேன். அந்த நாளை அவருக்கு ஞாபகப்படுத்த அங்கே ஒருவர் வேண்டும்.

எனக்குப் பொறாமை போய்விட்டது என்று பொய் எழுத மாட்டேன். இந்த உறையை ஒட்டும்போதும் அது கூடவேதான் இருக்கிறது. ஒரே ஒரு வேண்டுகோள், அக்கா. மழை வந்தால் துணியை எடுத்து உள்ளே போடுங்கள். மடிக்க வேண்டாம்.

தங்கை,
எட்டாம் வீடு